டர்பனில் நான் எழுதிய ‘கூலி’

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு ஓர் அரவை மில் உண்டு. பள்ளி விடுமுறைகளில் அதன் கணக்கு மேசையில் உட்கார்ந்துதான் நான் பேரேடு எழுதக் கற்றேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரவைக்கூலி என்று அந்தப் பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கூலிதான். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பில் அச்சடித்தபோதும் அச்சகத்தார் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல், ஆங்கில எழுத்தில் ‘கூலி’ என்றே போட்டுக் கொடுத்தார்கள். சிமெண்டுக் கடை, உரக்கடை, மரவாடி என்று இன்றும் பல இடங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். அது உலகம் முழுவதும் செல்லுபடியாகும் ஓர் ஆங்கிலக் கணக்குச் சொல் என்று நான் நம்பியிருந்தேன்.

2009-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தேன். இரண்டாவது வாரத்தில் கிடங்குச் செலவுகளைப் பிரித்துக் காட்டும் ஒரு பட்டியலைத் தயாரித்து, சுமை ஏற்றி இறக்கும் செலவுக்கான பத்தியின் தலைப்பில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அலுவலகத்தில் ஏழு பேருக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் என் மேசைக்கு ஓர் அம்மையார் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தமிழ் வழியில் வந்தவர், ஆனால் தமிழ் பேசத் தெரியாது. நான் அனுப்பிய பட்டியலை அச்சிட்டு, அந்தத் தலைப்பைப் பேனாவால் சுழித்து, மேசைமேல் வைத்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது நான் செய்ததுதான் பெரிய பிழை. தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லாமல், விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். இது நம் தமிழ்ச் சொல், உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம் என்று பொருள், ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று திருவள்ளுவரே 619-ஆம் குறளில் பாடியிருக்கிறார், இதில் இழிவு எதுவும் இல்லை என்று ஆர்வத்தோடு சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் பள்ளி ஆசிரியர். தபால் நிலைய வரிசையில் நின்றவரை, அவருடைய மாணவர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கவுண்டரில் இருந்த வெள்ளைக்கார இளைஞன் அந்தச் சொல்லால் அழைத்துப் பின்வரிசைக்கு அனுப்பியிருக்கிறான். அன்று மாலை வீட்டுக்கு வந்த தந்தை சாப்பிடவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, படுக்கையில் கிடந்தபோதுதான் மகளிடம் சொன்னாராம். குறளில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிந்து அவர் இனி என்ன செய்வார்?

அதன் பின்னரே அந்த நாட்டில் அச்சொல் நடந்துவந்த வழியைத் தேடிப் படித்தேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். ஊதியத்தைக் குறித்த சொல் அங்கே ஊதியம் பெறுபவரின் பெயராயிற்று. பிறகு வணிகரோ ஆசிரியரோ வழக்கறிஞரோ, இந்தியத் தோல் உடைய எவரையும் தாழ்த்தி அழைக்கும் பெயராயிற்று. 1893-இல் அங்குப் போய்ச் சேர்ந்த காந்தியடிகளையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். 1913-இல் சிறை சென்று, மறு ஆண்டு பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மை, நம் தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள தில்லையாடியின் பெயரைத் தாங்கியவர். நான் அந்த ஊர் நினைவு மண்டபத்தை இரண்டு முறை பார்த்தவன். ஆனால், அவர் எந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அந்த நாட்டுத் தெருக்களில் நடந்திருப்பார் என்று டர்பனுக்குப் போகும்வரை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

கயானாவிலும் டிரினிடாடிலும் பிஜியிலும் இதே கதைதான். மொரீசியஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையேறிய இடத்துக்கே ‘கூலி காட்’ என்ற பெயர் இருந்தது. இன்று அது ஆப்ரவாசி காட், 2006-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் இந்தப் புதிய பெயரில்தான். நம் ஊரிலோ கூலி என்பது கூசாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டிய உரிமை. கூலி உயர்வு கேட்டதன் பகையில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே உள்ள கௌரவத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால், அந்தக் கௌரவத்தை மூட்டை கட்டி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதை டர்பனில்தான் உணர்ந்தேன். வெளிநாட்டில் கணக்கு எழுதப் போகும் நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நம் ஊர் ஆங்கில பில்லில் இருக்கும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் போகாதீர்கள், சுமைச் செலவு, தொழிலாளர் ஊதியம் என்பவற்றுக்கு அந்தந்த நாட்டு அலுவலகத்தில் வழங்கும் சொல் என்ன என்று முதல் நாளிலேயே கேட்டு எழுதுங்கள்.

மறுநாள் அந்த அம்மையாரிடம் போய், வேறு எதையும் சேர்க்காமல், “எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னியுங்கள், பட்டியலைத் திருத்தி அனைவருக்கும் மீண்டும் அனுப்பிவிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். ஆறேழு மாதங்கள் கழித்து, தம் பாட்டனாரின் ஒப்பந்தச் சீட்டின் படியைக் கொண்டுவந்து, அதில் ஆங்கிலத்தில் கிறுக்கலாக எழுதப்பட்டிருந்த ஊர்ப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல மூன்று நான்கு முறை உச்சரித்துப் பார்த்தார்.

எனக்கு வேதனை தருவது என்னவென்றால், இந்தப் பாடம் டர்பனுக்கு முன்பே ஒருமுறை எனக்குக் கிடைத்திருந்தது. நான்தான் சரியாகக் கற்கவில்லை. 2004 முதல் 2007 வரை பினாங்கில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தவர்க்குப் பினாங்கு அயலூர் போன்றதன்று. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன தாத்தாவைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டிலும் உண்டு. அங்கே சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. சிறிது தூரத்தில், 1801-இல் நம் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. தெருப் பலகையில் அந்தப் பெயர், வரைபடத்தில் அந்தப் பெயர், சுற்றுலாக் கையேட்டிலும் அந்தப் பெயர். ஆகவே கெலிங் என்றால் தமிழர் என்று நானே பொருள் செய்துகொண்டேன். கிடங்கில் ஒரு மலாய் அதிகாரி என் ஊரைக் கேட்டபோது, அரைகுறை மலாயில், நான் இந்தியாவிலிருந்து வந்த கெலிங் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மலேசியத் தமிழ் ஓட்டுநர்கள் இருவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார்கள்.

அன்றிரவு, என்னை அந்த ஊருக்கு அழைத்துப் போய்த் தங்க இடம் கொடுத்திருந்த கூத்தாநல்லூர் நண்பர் விளக்கினார். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த அந்தச் சொல், மலாய் உலகில் பல நூற்றாண்டுகள் இந்தியக் கரையோர மக்களைக் குறிக்கும் சாதாரணப் பெயராக இருந்தது. தோட்டக் காலத்திலும் அதற்குப் பின்னும் அது வசைச் சொல்லாக இறுகியது. கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் கால் சங்கிலி ‘கிலிங் கிலிங்’ என்று ஒலித்ததால் வந்த பெயர் அது என்று அங்குள்ள முதியவர்கள் பலர் சொல்வார்கள். மொழி வரலாற்றின்படி அது சரியன்று. ஆனால், அந்தச் சொல்லைக் கேட்கும்போது தம் முன்னோரின் காலில் சங்கிலி ஒலிப்பதாக ஒரு மக்கள் கூட்டம் நம்பும் அளவுக்கு அது அவர்களைக் காயப்படுத்தியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பள்ளிவாசலின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம். அது அந்தக் கட்டடத்தின் பெயர். அதிலிருந்து ஒரு சொல்லை உருவி மனிதர்மேல் ஒட்டக்கூடாது.

நண்பர் அதோடு நிறுத்தவில்லை. “உங்க பாட்டி எங்க ஆளுங்களை என்ன சொல்லுவாங்க, நெனவு இருக்கா?” என்று கேட்டார். நினைவிருந்தது. துலுக்கர் என்பார். எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து சீர் வரும். அவர்கள் வீட்டுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து தேங்காய் போகும். அந்த அன்பு முழுவதையும் பாட்டி இந்தச் சொல்லோடுதான் பேசுவார். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதியே இருக்கிறது. தோட்டத்தில் பூப்பதும் துலுக்கச் சாமந்திதான். துருக்கர் என்பதன் திரிபுதான் துலுக்கர்; துருக்கி நாட்டில் அது ஒரு தேசத்தின் பெருமைக்குரிய பெயர். நம் ஊரில் மட்டும், தமிழே தாய்மொழியான ராவுத்தரையும் மரைக்காயரையும் பார்த்து ‘நீ எங்கிருந்தோ வந்தவன்’ என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. நண்பரிடம் பாட்டிக்காக வாதாடினேன். அவர் மறுக்கவில்லை. “நல்லவங்கதான். அதனாலதான் எங்க வீட்ல யாரும் அவங்ககிட்ட சொல்லலை” என்றார்.

இந்தப் பதிலை நான் பல ஆண்டுகள் மனத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘அவர்கள் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் உண்மையில் நமக்குத் தெரிந்திருப்பது அவர்கள் நம்மிடம் சொன்னதில்லை என்பது மட்டுமே. இதே குழுவுக்கு இலங்கைப் பக்கத்தில் சோனகர் என்று பெயர்; மக்கள்தொகைக் கணக்கிலேயே இடம்பெறும் கண்ணியமான பெயர் அது. ஆங்கிலத்தில் அதற்கு இணையாக அங்கு வழங்கும் ‘மூர்’ என்ற சொல்லின் ஸ்பானிய வடிவமான ‘மோரோ’ ஸ்பெயினில் வட ஆப்பிரிக்கரைத் தாழ்த்திச் சொல்லப் பயன்படுகிறது. பிலிப்பைன்ஸின் தென்பகுதி முஸ்லிம்களோ, ஸ்பானியர் இட்ட அதே சொல்லைத் தம் இனப் பெயராக உயர்த்திப் பிடித்து, தம் தன்னாட்சிப் பகுதிக்கே அதை வைத்துக்கொண்டார்கள்.

பினாங்கிலிருந்து நான் டர்பனுக்கு எடுத்துப் போன இன்னொரு சொல்லும் என்னை நிறுத்தியது. மலாய்ச் சமையலில் லிமாவ் பூருட் என்ற எலுமிச்சையின் இலையைப் போடுவார்கள். ஆங்கிலப் பொட்டலங்களில் அதற்கு ‘காஃபிர்’ என்று தொடங்கும் பெயர் இருந்தது. டர்பனில் ஒரு காய்கறிக் கடையில், ஜூலு மொழி பேசும் பணிப்பெண்ணிடம் அந்தப் பெயரைச் சொல்லி இலை கேட்டேன். கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரபியில் நம்பிக்கையற்றவர் என்று பொருள்படும் அந்தச் சொல், அந்த நாட்டில் கறுப்பின மக்கள்மேல் தலைமுறை தலைமுறையாக வீசப்பட்ட மிகக் கொடிய வசை. அதன் முதலெழுத்தை மட்டும் சொல்லித்தான் அங்கே பேசுவார்கள், செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் ஊர் திரும்பிய பின்னர், காவலர்களையும் அவசர உதவி எண்ணில் பேசியவர்களையும் 48 முறை அந்தச் சொல்லால் திட்டிய ஒரு பெண்மணிக்கு 2018-இல் அங்குள்ள நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. இலங்கையின் புத்தளம் பகுதியிலோ, போர்த்துகீசியர் காலம் தொட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் தம்மைக் குறிக்க அதே சொல்லைத்தான் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். தமிழில் காப்பிரி என்று எழுதுவதும் அதைத்தான். கடையில் அந்தப் பெண்ணிடம் நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கைப்பேசியில் இலையின் படத்தைக் காட்டினேன். அவர் எடுத்துக் கொடுத்தார். இதுவரை படத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் நான் பிறரைக் காயப்படுத்தியவை. இனிச் சொல்லப்போவது, நான் பேசாமல் இருந்தது. அதே டர்பன் அலுவலகத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் வேலை செய்தார். பட்டியல் சாதியில் பிறந்தவர். நான் நிலமுள்ள சாதியில் பிறந்தவன். அயலூரில் எங்களுக்குள் இருந்த நெருக்கம் ஊரில் வாய்த்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும். ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்த வந்த ஆலோசகர், நிறவெறி ஆட்சி ஒழிந்த 1994-க்கு முன் தம் நாட்டை உலகம் எப்படி ஒதுக்கி வைத்திருந்தது என்று சொல்லும்போது, ஆங்கிலத்தில் ‘பரையா நாடு’ என்ற தொடரை நான்கைந்து முறை சொன்னார். நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்ற குடும்பத்தில் வந்தவர் அவர், மனமுருகித்தான் பேசினார். பறையர் என்ற நம் மக்களின் பெயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறி, பிறகு ‘ஒதுக்கப்பட வேண்டியவன்’ என்ற பொருளில் அங்கே நிலைத்துவிட்டது. லண்டன், நியூயார்க் செய்தித்தாள்கள் அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் தலைப்பில் போடுகின்றன. இங்கே அதே சொல்லைப் பொது இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் வீசினால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். மலேசியாவில் 2011-இல் பள்ளி மாணவர்களுக்குப் பாடமாக வைத்த ஒரு மலாய் நாவலில் அந்தச் சொல் இடம்பெற்றதற்கு இந்திய வம்சாவளியினர் கொதித்தெழுந்து, அந்த ஆண்டின் இறுதியில் அது பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. இடைவேளையில் நண்பரே ஆலோசகரிடம் போய், மெல்லிய குரலில், அது ஒரு மக்களின் பெயர் என்றும் தாம் அந்த மக்களில் ஒருவர் என்றும் சொன்னார். ஆலோசகர் வெளிறிப்போனார். அது ஒரு மக்களின் பெயர் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த விளக்கமும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். பிற்பகல் முழுவதும் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. மாலையில் அறைக்குத் திரும்பும்போது நண்பர் என்னிடம், “நீங்க பேசுவீங்கன்னு பார்த்தேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சொல் எப்படி வழங்கியது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னவர்கள் என் வீட்டார். காயப்பட்டவரே எழுந்து நின்று பாடம் நடத்த வேண்டும் என்று காத்திருப்பது இரண்டாவது காயம். பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட்டால் அவருக்கு அந்தச் சுமை இல்லை. அன்று முதல் இதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நோக்கம் நல்லதாக இருந்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானதுதான். 2020-இல் உருகுவே நாட்டுக் கால்பந்து வீரர் எடின்சன் கவானி, தம்மைப் பாராட்டிய நண்பருக்கு ‘நெக்ரிதோ’ என்ற ஸ்பானியச் சொல்லால் நன்றி சொல்லி இணையத்தில் எழுதினார். அவர் ஊரில் அது அன்பாக அழைக்கும் சொல். அவர் அப்போது விளையாடிக்கொண்டிருந்த இங்கிலாந்தில் அது இனத்தைச் சுட்டும் இழிசொல்லாகப் பட்டது. மூன்று ஆட்டங்களுக்குத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். உருகுவேயின் மொழிக் கழகம் இது தங்கள் மொழியின் மீதான அறியாமை என்று கண்டித்தது. என் மகன் இதை வைத்து என்னோடு இரவு முழுவதும் வாதிட்டான். நண்பனிடம் நண்பன் சொன்ன சொல்லுக்கு இத்தனை தண்டனை மிகை என்றே நானும் கருதுகிறேன். ஆனால், பல நாட்டார் படிக்கும் இடத்தில் எழுதும்போது, ஏதாவது ஒரு நாட்டில் அடியாக விழும் சொல்லைத் தவிர்ப்பதில் நமக்கு என்ன இழப்பு?

எதிர்த்திசையிலும் ஒரு கவனம் வேண்டும். காதுக்கு உறுத்துவதெல்லாம் வசையன்று. வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் இளைஞர்கள், அரபியர் தம்மை ‘ஹிந்தி’ என்று அழைத்ததும் கொதிப்பதைக் கண்டிருக்கிறேன். அரபியில் அதற்கு இந்தியர் என்பதுதான் பொருள். மொழியைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஆகவே புதிய நாட்டுக்குப் போனால், முதல் மாதத்திலேயே அந்த ஊரில் பிறந்த ஒருவரிடம், தனியாக, இரண்டு கேள்விகள் கேட்டுவிட வேண்டும்: எங்களை இங்கே எந்தச் சொல்லால் அழைத்தால் அது வசை? நாங்கள் தெரியாமல் சொல்லி உங்களை நோகடிக்கும் சொல் எது? நான் கேட்டவரையில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இன்னொன்று: அவர்கள் தமக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் சொல் நமக்கான அனுமதி அன்று.

இதற்குக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. எங்கள் மில்லிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகும் ஓட்டுநர் ஒருவரின் பெயரே பாண்டி என்று முடியும். மூன்று மன்னர் மரபுகளில் ஒன்றின் பெயர். எல்லையைத் தாண்டினால் அது தமிழனை ஏளனம் செய்யும் சொல். சோதனைச் சாவடியில் பெயரைச் சொல்லவே அவர் தயங்குவார். கோவைப் பகுதியினர் பெருமையோடு சொல்லும் கொங்கு, கன்னடத்தில் கொங்கா என்று திரிந்து, தமிழர்மேல் எறியப்படும் வசையாகிவிட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, எங்கள் உறவினர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கேட்டது அந்தச் சொல்லைத்தான். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கேட்டதற்கு, வயலே இல்லாத அவர் அந்த வசையை வாங்கினார்.

2014-இல் ஊர் திரும்பி மில்லையும் ஒன்றரை வேலி நிலத்தையும் கவனிக்கத் தொடங்கினேன். இப்போது எங்கள் பகுதியில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்களாக வந்து நடவு நடுகிறார்கள். மில்லில் மூட்டை தூக்குபவர்களும் பெரும்பாலும் அவர்களே. அவர்களைக் குறிக்க ஒரே சொல்தான் ஊரில் புழங்குகிறது: வடக்கன். வடக்கே இருந்து வந்தவன் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தைச் சொல்வேன். நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்களை அங்கிருந்த தமிழர்கள் ‘வடக்கத்தியான்’ என்றார்கள். கடலுக்கு வடக்கே இருந்து வந்தவன் என்பதற்கு மேல் அதிலும் ஒன்றுமில்லை. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொற்களும் அதோடு சேர்ந்துகொண்டன. 1964-இன் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாகி, மண்டபம் முகாம் வழியாக வந்து இறங்கியவர்களை நாம் ‘சிலோன்காரன்’ என்றோம். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். அப்படித் திரும்பி வந்த ஒரு பெரியவர் எங்கள் மில்லில் காவலராக இருந்தார். மில்லில் யாராவது வடக்கன் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று நான் கேட்ட பிறகுதான் இந்தக் கதை எனக்குத் தெரிந்தது.

அதனால் மில்லில் அந்தச் சொல்லை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதிலாக ‘பையா’ என்று மரியாதையாக அழைக்கலாம் என்று நானே ஏற்பாடு செய்தேன். இந்தியில் அண்ணன் என்று பொருள், இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும் என்ற நிறைவு எனக்கு. சென்ற ஆண்டு சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து குவிந்த நாளில், பீகாரைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரை நான் அப்படி அழைத்தபோது, அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குழுத் தலைவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். தலைவர் தயங்கித் தயங்கி எனக்குத் தமிழில் சொன்னார். அவர் அதற்கு முன் எட்டு ஆண்டுகள் மும்பையில் வேலை பார்த்தவராம். அங்கே உள்ளூர்க்காரர்கள் வடநாட்டுத் தொழிலாளர்களை அந்தச் சொல்லால்தான் ஏளனமாக அழைப்பார்களாம். ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டேதான் அவருடைய தள்ளுவண்டியைக் கவிழ்த்தார்களாம். அவர் ஊரில் அது அண்ணன்தான். மும்பையைப் பார்க்காதவர்கள் நாங்கள் அப்படி அழைப்பதைப் பொருட்படுத்துவதில்லை. தமக்கு மட்டும் அது வேண்டாம் என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எப்படி அழைக்கட்டும் என்று கேட்டதற்குத் தம் பெயரைச் சொன்னார். அன்று மாலை கூலிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், கணக்குப்பிள்ளை அந்தக் குழுவில் எல்லோரையும் ‘பையா 1’, ‘பையா 2’ என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் கேட்டு, நானே தமிழில் எழுதினேன். இரண்டு பெயர்களை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்று பிடிபடாமல், அவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி அடித்து எழுதினேன். பக்கத்தின் தலைப்பில் கூலி என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.